சர்வர் பேக்கப்புக்கு எந்த எக்ஸ்டர்னல் டிரைவ்? அஞ்சு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்

"லினக்ஸ் சர்வர் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, பேக்கப் எடுக்க எந்த எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கலாம்?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. கூடவே ரெண்டு பிராண்ட் பேரைப் போட்டு இதுல எது பெட்டர்னும் கேப்பாங்க. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கிறதே இப்போ சீகேட், டபிள்யூடி, தோஷிபான்னு மூணே கம்பெனிதான், அதனால பிராண்ட்ல மண்டைய உடைச்சுக்கிறதுல பெரிய பிரயோஜனம் இல்ல. டிரைவ் எந்த வகை, அதுக்கு கரண்ட் எங்கிருந்து வருது, வேலை முடிஞ்சதும் கழட்டி வைக்கப் போறீங்களா இல்ல சர்வர் பின்னாடியே வருஷக்கணக்குல தொங்கப் போகுதா, இதுலதான் எல்லாம் இருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

மொதல்ல எந்த ஆபத்துக்காக பேக்கப் எடுக்குறீங்கன்னு யோசிங்க. டிஸ்க் செத்துப் போகலாம், யாராவது தப்பான டைரக்டரில ஆர்எம் (ஃபைலை அழிக்கிற கமாண்ட்) அடிச்சுடலாம், ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) வரலாம், பவர் சர்ஜ், திருட்டு, தீ. 24 மணி நேரமும் சொருகியே இருக்குற டிரைவ் இதுல முதல் ரெண்டுக்கு மட்டும்தான் உதவும் (ரெண்டாவதுக்கும் பழைய வெர்ஷனெல்லாம் அதுல இருந்தாத்தான்). சர்வர்ல ரூட் (எல்லாம் செய்ய முடியுற அட்மின் அதிகாரம்) கைக்கு வந்தவனுக்கு உங்க பேக்கப்பும் இன்னொரு டைரக்டரி, அவ்வளவுதான், முதல்ல அதுலதான் கை வைப்பான்.

ரெண்டாவது, ரீஸ்டோர் பண்ண எவ்வளவு நேரம். எல்லாரும் பேக்கப் எடுக்குற வேகத்தைப் பாப்பாங்க, அது ராத்திரி தானா ஓடுற வேலை, மெதுவா போனா யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா சர்வர் படுத்த அன்னைக்கு 2 டிபி டேட்டாவை நொடிக்கு 110 எம்பி வேகத்துல திருப்பி எடுத்தா சுமார் 5 மணி நேரம், அதே டிரைவ் தெரியாம யூஎஸ்பி 2.0 போர்ட்ல மாட்டி இருந்தா நொடிக்கு 35 எம்பி வர்றதே பெரிசு, அப்போ 16 மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா இதைவிட இழுக்கும்.

மூணாவது, கழட்டி மாட்டப் போறது யாரு. இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. வாரா வாரம் வெள்ளிக்கிழமை டிரைவை மாத்தி வைக்க ஒரு ஆள் நிஜமாவே இருக்காரா, இல்ல "பாத்துக்கலாம்" ரகமா? ரெண்டாவது ரகம்னா அதுக்கேத்த மாதிரி வாங்குங்க.

நாலாவது, பவரும் பிரிட்ஜ் சிப்பும். டிரைவுக்கும் யூஎஸ்பிக்கும் நடுவுல உக்காந்திருக்குற சின்ன சிப் அது, லினக்ஸ்ல வர்ற தொல்லைல பாதி அதால வருது. அஞ்சாவது, பெட்டி மட்டும் செத்துப் போனா உள்ள இருக்குற டிஸ்க்கை உருவி நேரா சாட்டால (கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்க் மாட்டுற கனெக்டர்) மாட்டிப் படிக்க முடியுமா.

## 2.5 இன்ச் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்

பாக்கெட்ல போட்டுட்டுப் போறது, தனி அடாப்டர் கிடையாது, விலை கம்மி. கழட்டி வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்கு இதைவிட வசதி இல்ல. டேட்டா ஒரு டிபிக்குள்ள, ராத்திரில கொஞ்சம் மாறினதை மட்டும் காப்பி பண்ற சர்வர்னா இது தாராளமா போதும்.

மறைஞ்சிருக்குற செலவுன்னா முதல்ல பவர். யூஎஸ்பி 2.0 போர்ட் ஸ்பெக் படி 500 மில்லிஆம்ப் தரும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற அந்த ஒரு ரெண்டு நொடில அதைவிட ஜாஸ்தி இழுக்குற மாடல் நிறைய இருக்கு. பெரிய சர்வர் போர்ட்ல சமாளிச்சிடும், ராஸ்ப்பெரி பை 4 மாதிரி போர்டுல நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேத்தே 1.2 ஆம்ப்தான், அங்க ரெண்டு போர்ட்டபிள் டிரைவை மாட்டுனீங்கன்னா டிக் டிக்னு ஒரு சத்தம், டீமெசேஜ்ல (லினக்ஸ் கெர்னலோட லாக்) "ரீசெட் சூப்பர்ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்"னு ஒரு வரி, அப்புறம் லினக்ஸ்ல எஸ்டிபிங்கிற பேர்ல இருந்த டிரைவ் எஸ்டிசின்னு புது அவதாரம் எடுத்து வந்து நிக்கும், பழைய மவுன்ட் அப்படியே செத்த மாதிரி கிடக்கும், அதுல எழுதப் போன பேக்கப் ஐஓ எரர் அடிச்சு நிக்கும். தனி பவர் இருக்குற யூஎஸ்பி ஹப் ஒண்ணு வாங்குனா சரியாகிடும், ஆனா அந்த செலவையும் கணக்குல சேத்துக்கோங்க.

அடுத்தது எஸ்எம்ஆர். இந்த சைஸ்ல 2 டிபிக்கு மேல போனா பெரும்பாலும் எஸ்எம்ஆர் டிஸ்க்தான். ட்ராக்கை ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி உக்கார்ற மாதிரி எழுதுறது, ஓட்டு வீட்டு கூரைல ஓடு அடுக்குன மாதிரி, நடுவுல ஒண்ணை மாத்தணும்னா பக்கத்துல இருக்குறதையும் சேத்து திருப்பி எழுதணும். பெரிய ஃபைலை வரிசையா எழுதுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. போர்க்குங்கிற பேக்கப் டூல்ல பழைய ஆர்க்கைவை அழிச்சு காம்பாக்ட் பண்றது, ஆர்ஸ்னாப்ஷாட்ங்கிற இன்னொரு டூல்ல லட்சக்கணக்கான ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு) போடுறதும் அழிக்கிறதும்னு போனா கேஷ் பகுதி நிறைஞ்சதும் வேகம் படுத்துடும். பெட்டி மேல எஸ்எம்ஆர்னு எழுத மாட்டாங்க. 2020 ஏப்ரல்ல டபிள்யூடியே தன்னோட ரெட் வரிசை நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க் சிலதுல எஸ்எம்ஆர் இருக்குன்னு ஒத்துக்கிட்டது பெரிய ரகளை ஆகித்தான், நாஸ் டிஸ்க்குக்கே அந்தக் கதைன்னா போர்ட்டபிளுக்கு யாரு சொல்லப் போறா.

இன்னொண்ணு, இதுல பல மாடல்ல யூஎஸ்பி கனெக்டர் டிஸ்க்கோட போர்டுலயே நேரா சால்டர் பண்ணி இருக்கும், உள்ள சாட்டாவே கிடையாது. கனெக்டர் ஆடிப் போச்சுன்னா டேட்டா ரிக்கவரிக்காரங்க கிட்டதான் போகணும்.

## 3.5 இன்ச் டெஸ்க்டாப் டிரைவ்

தனி 12 வோல்ட் அடாப்டரோட வர்ற பெரிய பெட்டி. பவர் பிரச்சனை இல்ல, ஒரு டிபிக்கு ஆகுற விலைன்னு பாத்தா இதுதான் மலிவு, 8 டிபிக்கு மேல வேணும்னா வழக்கமா எல்லாரும் போற இடம் இதுதான். வேகமும் நொடிக்கு 150ல இருந்து 250 எம்பி வரைக்கும் வரும், டிஸ்க்கோட வெளி ட்ராக்ல வேகமா இருக்கும், உள்ள போகப் போக இறங்கும்.

ஆனா இதைக் கழட்டி எடுத்துட்டுப் போற ஆளை நான் பாத்ததில்ல. ஒரு தடவை அடாப்டரோட வச்சுட்டா அது அங்கயே குடியிருக்கும், கேபிளை மட்டும் உருவுங்கன்னா கூட ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. ஒரே ஒரு டெஸ்க்டாப் டிரைவ் வாங்கி எப்பவும் சொருகி வச்சா, தீயும் ரான்சம்வேரும் வந்தா சர்வரோட சேந்து இதுவும் போகும். மூடின பெட்டிக்குள்ள காத்து போக வழி கம்மி, முதல் ஃபுல் பேக்கப் 12 மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது டிஸ்க் சூடு 50 டிகிரிக்கு மேல போகுதான்னு ஸ்மார்ட்சிடிஎல்ல (டிஸ்க் நிலைமையைக் காட்டுற கமாண்ட்) ஒரு கண்ணு வச்சுக்கோங்க.

பெட்டியை உடைச்சு டிஸ்க்கை வெளிய எடுத்துக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு மூணு குழி இருக்கு. சில மாடல்ல பிரிட்ஜ் சிப்பே டேட்டாவை என்க்ரிப்ட் பண்ணித்தான் எழுதும், நீங்க பாஸ்வேர்ட் போடலைன்னாலும். அந்த போர்டு போச்சுன்னா டிஸ்க் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. சிலதுல பிரிட்ஜ் செக்டர் சைஸை 4096னு காட்டும், அதே டிஸ்க்கை நேரா சாட்டால மாட்டுனா 512ன்னு வரும், பார்ட்டிஷன் டேபிள் இருக்குற இடமே தெரியாம முழிக்கும். டபிள்யூடி பெட்டில இருந்து உருவின சில டிஸ்க் 3.3 வோல்ட் பின் காரணமா பழைய பவர் சப்ளைல சுத்தவே சுத்தாது. வாங்குன அன்னைக்கே பழைய பார்ட்டிஷனை அழிச்சுட்டு லக்ஸ் (லினக்ஸோட டிஸ்க் என்க்ரிப்ஷன்) போட்டு நம்மளே என்க்ரிப்ட் பண்ணிக்கிறதுதான் நல்லது, பெட்டியோட என்க்ரிப்ஷனை நம்ப வேணாம். 2015ல டபிள்யூடி மை பாஸ்போர்ட் வரிசையை ஆராய்ஞ்சவங்க அதுல பல ஓட்டைகளைக் காட்டி இருக்காங்க.

## எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி

கீழ விழுந்தா உடையாது, சத்தம் இல்ல, பவர் கம்மி, 5 ஜிபிபிஎஸ் யூஎஸ்பில நொடிக்கு 400 எம்பிக்கு மேல வரும். டேட்டாபேஸ் டம்ப், விஎம் இமேஜ் மாதிரி சீக்கிரம் திருப்பி எடுத்தே ஆகணும்ங்கிற இடத்துக்கு இது சரி. போர்க், ரெஸ்டிக் மாதிரி டீடூப் (ஒரே டேட்டாவை ரெண்டு தடவை வைக்காத) டூல்கள் சின்னச் சின்னத் துண்டா தேடித் தேடிப் படிக்கிறதால அங்கயும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

விலை ஒரு பக்கம், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா பெட்டில போட்டிருக்குற வேகம் எஸ்எல்சி கேஷ் (உள்ள இருக்குற சின்ன வேகமான பகுதி) தீர்ற வரைக்கும்தான், மலிவான கியூஎல்சி (ஒரே செல்லுல நாலு பிட் அடைக்கிற வகை) எஸ்எஸ்டில ஃபுல் பேக்கப் போட்டா முதல்ல பறந்துட்டு அப்புறம் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிடும், சில நேரம் அதுக்கும் கீழ. ட்ரிம் (அழிச்ச இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்றது) இன்னொரு தலைவலி, அதுக்கான அன்மேப் கமாண்டை பிரிட்ஜ் சிப் ஒழுங்கா கடத்தலைன்னா எஃப்எஸ்ட்ரிம் கமாண்ட் ஓட்டுனா ஆதரவு இல்லன்னு ஒரே வரில முடிச்சுக்கும்.

பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கவே போறீங்கன்னா எஸ்எஸ்டி வேணாம்னுதான் நான் சொல்லுவேன். ஜெடெக்குங்கிற சிப் துறை அமைப்போட ஸ்டாண்டர்ட் படி சாதாரண எஸ்எஸ்டி தன்னோட எழுதும் ஆயுளை முழுசா தீத்த பிறகு கரண்ட் இல்லாம 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கணும், அவ்வளவுதான். புது எஸ்எஸ்டி அதைவிட ரொம்ப நாள் தாங்கும்ங்கிறது உண்மைதான், ஆனா வெயில்ல வேகுற அலமாரில மூணு வருஷம் போட்டுட்டு எடுத்துப் பாக்குற திட்டத்துக்கு இது ஆகாது. செத்தாலும் ஹார்ட் டிஸ்க் மாதிரி முனகிட்டு சாகாது, நேத்து இருந்துச்சு இன்னைக்கு இல்லன்னு போயிடும். 2023ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசைல சில மாடல் டேட்டாவை இழக்குதுன்னு புகார் குவிஞ்சு கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் விட வேண்டியதாச்சு.

## டாக்கும் வெறும் டிஸ்க்கும்

கடைசி வரைக்கும் யாரும் கேக்காத ஆப்ஷன் இது, எனக்குப் பிடிச்சதும் இதுதான். யூஎஸ்பி டாக் (வெறும் டிஸ்க்கை நேரா சொருகுற ஸ்டாண்ட்) ஒண்ணு, 3.5 இன்ச் சாட்டா டிஸ்க் ரெண்டு இல்ல மூணு. ஒண்ணு டாக்ல இருக்கும், இன்னொண்ணு ஆன்டிஸ்டாடிக் பைல போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வேற இடத்துல இருக்கும், வாரா வாரம் மாறும்.

இதுல என்ன லாபம்னா, டிஸ்க்கை மாடல் நம்பர் பாத்தே வாங்கலாம், சிஎம்ஆர்னு (எஸ்எம்ஆர் மாதிரி ட்ராக் ஏறி உக்காராத வகை) உறுதியா தெரிஞ்சு. டாக் செத்தா வேற டாக், அவசரம்னா சர்வருக்குள்ளயே நேரா சாட்டால மாட்டி டிஸ்க்கோட முழு வேகத்துல ரீஸ்டோர் பண்ணலாம், இந்த ஒரு விஷயத்துக்காகவே கொடுக்குற காசு தகும். மூணாவது டிஸ்க் சேக்கணும்னா வெறும் டிஸ்க் விலை மட்டும்தான்.

தொல்லையும் உண்டு. கையால வெறும் டிஸ்க்கைத் தூக்குறது எல்லாருக்கும் ஒத்து வராது, சுத்திட்டு இருக்கும்போதே உருவுற ஆளு ஆபீஸ்ல ஒருத்தராவது இருப்பாரு. சாட்டா கனெக்டர் தினமும் சொருகி எடுக்குறதுக்காக செஞ்சது இல்ல, வாரத்துக்கு ஒரு தடவைன்னா பரவால்ல. ரெண்டு டிஸ்க் போடுற டாக் சிலதுல ரெண்டுக்கும் ஒரே சீரியல் நம்பரைக் காட்டும், ஸ்க்ரிப்ட்ல சீரியலை நம்பி எழுதி இருந்தா குழப்பம், ஃபைல்சிஸ்டம் யூயூஐடியை (ஃபார்மேட் பண்ணும்போது வர்ற தனி அடையாள எண்) நம்புங்க. இந்த ரெண்டு-பே டாக்ல க்ளோன்னு ஒரு பட்டன் வேற இருக்கும், கம்ப்யூட்டரே இல்லாம ஒரு டிஸ்க்கை இன்னொண்ணு மேல அப்படியே எழுதுறது, அது பேக்கப் டாக்ல இருக்கவே கூடாத பட்டன், ஒரு-பே டாக்கா வாங்குங்க.

சிப் விஷயமும் இங்கதான் பாத்து வாங்கணும். டாக்கை மாட்டிட்டு எல்எஸ்யூஎஸ்பியை (யூஎஸ்பி பட்டியல் காட்டுற கமாண்ட்) ட்ரீ வடிவத்துல ஓட்டுனா அந்த வரிசைல டிரைவர் பேரு யூஏஎஸ்னு (வேகமான யூஎஸ்பி டிஸ்க் முறை) இருக்கும், கடைசில 5000எம் இல்ல 10000எம்னு இருக்கும். 480எம்னு வந்தா கேபிளோ போர்ட்டோ யூஎஸ்பி 2.0ன்னு அர்த்தம், முக்கால்வாசி நேரம் கேபிள்தான் திருடன். யூஏஎஸ்ல ஓடும்போது லோட் ஏறுனா ரீசெட் ஆகிட்டே இருக்குன்னா கெர்னலோட யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் ஆப்ஷன்ல அந்த டிவைஸோட ஐடியையும் யூ எழுத்தையும் கொடுத்து யூஏஎஸ்ஸை நிறுத்துங்க, கொஞ்சம் வேகம் போகும், ஆனா நிம்மதி.

## நெட்வொர்க்ல இருக்குற நாஸ்

இது எக்ஸ்டர்னல் டிரைவே இல்லைன்னு சொல்லலாம், ஆனா எல்லாரும் சேத்தே கேக்குறதால. சர்வர் ரெண்டு மூணு இருந்தா, கழட்டி மாட்ட ஆளே இல்லைன்னா இதுதான் வழி. கிகாபிட் லேன்ல நொடிக்கு 110 எம்பிதான் உச்சம்.

ஒரே ஒரு விதி: சர்வர் நாஸுக்குத் தள்ளக் கூடாது, நாஸ் வந்து சர்வர்ல இருந்து இழுக்கணும். சர்வர்ல நாஸோட பாஸ்வேர்டோ கீயோ இல்லைன்னா சர்வரைப் பிடிச்சவனுக்கு அங்க போக நேர்வழி கிடையாது. பிடிஆர்எஃப்எஸ் இல்ல ஜெட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தோட ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலைமையை அப்படியே பிடிச்சு வைக்கிறது) இருந்தா இன்னும் நல்லது. நாஸ் வாங்குனா அதுவும் ஒரு சர்வர், அப்டேட் பண்ணணும், இன்டர்நெட்ல திறந்து விடக் கூடாது. டபிள்யூடி மை புக் லைவ்னு ஒரு நெட்வொர்க் டிரைவ், சப்போர்ட் 2015லயே முடிஞ்சுது, 2021 ஜூன்ல இன்டர்நெட் வழியா உள்ள புகுந்து உலகம் முழுக்க பல பேரோட பெட்டியை ஃபேக்டரி ரீசெட் பண்ணி விட்டாங்க, காலைல எழுந்து பாத்தா காலி. பேக்கப்புன்னு வச்சிருந்ததே அது ஒண்ணுதான்னு புலம்பினவங்க எத்தனை பேரு.

## ஒரே பார்வையில

| | போர்ட்டபிள் | டெஸ்க்டாப் | எஸ்எஸ்டி | டாக் + டிஸ்க் | நாஸ் |
|---|---|---|---|---|---|
| வேகம், நொடிக்கு | 100-130 எம்பி | 150-250 எம்பி | 400 எம்பிக்கு மேல, கேஷ் தீர்ற வரை | 150-250 எம்பி | 110 எம்பி |
| பவர் | போர்ட்டை நம்பி | தனி அடாப்டர் | போர்ட் போதும் | தனி அடாப்டர் | தனி மெஷின் |
| கழட்டி வைக்க | ரொம்ப சுலபம் | நடக்காது | ரொம்ப சுலபம் | சுலபம், கவனம் வேணும் | முடியாது |
| பெட்டி செத்தா | பல மாடல்ல கஷ்டம் | மாடலைப் பொறுத்து | கஷ்டம் | வேற டாக் போதும் | டிஸ்க் ஃபார்மேட்டைப் பொறுத்து |
| ஷெல்ஃப்ல நாள்கணக்கு | பரவால்ல | பரவால்ல | வேணாம் | நல்லது | பொருந்தாது |

## அப்போ யாருக்கு எது

டேட்டா ஒரு டிபிக்குள்ள, வீட்டு சர்வர்: போர்ட்டபிள், ஒண்ணு போதாது, ரெண்டு. ஒரே விலைக்கு ஒரு நல்ல எஸ்எஸ்டி வருமேன்னு தோணும், வேணாம், ரெண்டு சுமாரான காப்பி ஒரு சூப்பரான காப்பியை எப்பவுமே ஜெயிக்கும். சின்ன ஆபீஸ், 2ல இருந்து 16 டிபி வரைக்கும், மாத்தி வைக்க பொறுப்பான ஆள் இருக்காருன்னா டாக். ஆள் இல்லைன்னா இழுக்குற நாஸ், அதோட யூஎஸ்பில ஒரு டெஸ்க்டாப் டிரைவை மாசத்துக்கு ஒரு நாள் மட்டும் மாட்டுங்க. சர்வர் டவுன் ஆன ஒவ்வொரு மணி நேரமும் காசுன்னா டேட்டாபேஸுக்கு மட்டும் எஸ்எஸ்டி, மிச்சத்துக்கு ஹார்ட் டிஸ்க்.

சர்வர் வாடகை விபிஎஸ்ஸா (வேற கம்பெனி டேட்டா சென்டர்ல ஓடுற வர்ச்சுவல் சர்வர்) இருந்தா டிரைவை அங்க மாட்ட முடியாது, வீட்டுல ஒரு பழைய மெஷின் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான ரிமோட் கனெக்‌ஷன்) வழியா இழுத்து அதுல மாட்டுன டிரைவ்ல போடட்டும்.

## எதை வாங்குனாலும் வர்ற தொல்லை

கடைல வர்ற எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டோட அப்படியே பயன்படுத்தாதீங்க, ஓனர், பெர்மிஷன், சிம்லிங்க், ஹார்ட்லிங்க் எதுவும் தங்காது, ரீஸ்டோர் பண்ணுனா எல்லா ஃபைலும் ஒரே ஆளோடதா வந்து நிக்கும். ஜிபிடி பார்ட்டிஷன், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம், போதும். எக்ஸ்ட்4 வழக்கமா 5 சதவீதம் இடத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சுக்கும், 8 டிபி டிஸ்க்ல அது 400 ஜிபி, ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட்ல எம் ஆப்ஷனை 0ன்னு போட்டு எடுத்துக்கோங்க.

எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்த டிரைவை மவுன்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) யூயூஐடி போட்டு நோஃபெயில் (டிரைவ் இல்லைன்னாலும் பூட் ஆகு) சேக்காம விட்டீங்கன்னா டிரைவ் கழட்டி இருக்குற அன்னைக்கு சர்வர் ரீபூட் ஆனா சிஸ்டம்டி (லினக்ஸைக் கிளப்புற புரோகிராம்) 90 நொடி காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல போய் உக்காந்துடும், ரிமோட்ல இருக்குற சர்வர்னா கதை முடிஞ்சுது. நோஃபெயில் போட்டா இன்னொரு குழி: டிரைவ் இல்லாத ராத்திரி ஸ்க்ரிப்ட் காலி மவுன்ட் டைரக்டரிக்குள்ளயே எழுதி ரூட் டிஸ்க்கை நிரப்பிடும். டிரைவ் மவுன்ட் ஆகாத நேரத்துல அந்தக் காலி டைரக்டரிக்கு சிஹெச்ஏடிடிஆர் கமாண்ட்ல ப்ளஸ் ஐ (மாத்த முடியாதபடி பூட்டுறது) போட்டுடுங்க, அதுக்கப்புறம் ரூட்டாலயும் அதுல எழுத முடியாது, பேக்கப் எரர் அடிச்சு நிக்கும். ஸ்க்ரிப்ட்ல மவுன்ட்பாயின்ட் செக் ஒரு வரியும் வச்சுக்கோங்க.

ஓடிட்டு இருக்குற போஸ்ட்க்ரெஸ், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஃபைலை நேரா காப்பி எடுக்காம டம்ப் எடுத்து அதைக் காப்பி பண்ணுங்க. அந்த டம்ப் நிஜமாவே வருதான்னு பாருங்க: 2017 ஜனவரி 31ல கிட்லேப்ங்கிற கோட் ஹோஸ்டிங் தளத்துல டேட்டாபேஸ் அழிஞ்சப்போ பாத்தா பிஜிடம்ப் (போஸ்ட்க்ரெஸ் டம்ப் எடுக்குற டூல்) வெர்ஷன் பொருந்தாம நாள்கணக்கா ஃபெயில் ஆகிட்டு இருந்திருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு வந்த மெயிலும் டிமார்க் (போலி மெயிலைத் தடுக்குற சரிபார்ப்பு) தகராறுல திரும்பிப் போயிருக்கு, கடைசில யாரோ வேற வேலைக்கு எடுத்து வச்ச 6 மணி நேரத்துக்கு முந்தின ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அதனால ஃபெயில் ஆனா மெயில்னு வைக்காம, வெற்றியா முடிஞ்சாத்தான் மெயில்னு வைங்க, வராத அன்னைக்கு போய்ப் பாருங்க.

லக்ஸ் போட்டவங்க ஹெடர் பேக்கப்பையும் பாஸ்ஃபிரேஸையும் சர்வர்லயோ அதே டிரைவ்லயோ மட்டும் வச்சுக்காதீங்க. சர்வர் போன அன்னைக்கு சாவி வேற எங்கயாவது, பேப்பர்லயாவது, கைல இருக்கணும்.